ஒரு சொட்டு அவிசுவாசம்

என் வீட்டுக்காரருக்குக் கண் திறந்துவிட்டது என்று ஆலயமே கை தட்டி ஆர்ப்பரித்தபோது, கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் பாட்டில் என்று நினைத்து எண்ணெய் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோன மனிதர் அவர். நான் பாய்ந்து பிடுங்கியிருக்காவிட்டால் தெரிந்திருக்கும் சேதி.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். திட்டுகிறவர்கள் முழுதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை சுவிசேஷம் வாசிக்கிறவர் என் வீட்டுக்காரர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது அவர் பொறுப்பு. பீடத்துக்கு ஒரு பக்கமாகப் படியேறிப் போனால் மரத்தில் ஒரு மேடை, அதன்மேல் தலையணை மொத்தத்துக்கு வேதப்புத்தகம். அந்த மேடைக்கென்று சில முறைகள் உண்டு. ஆண்கள் மட்டும்தான் ஏறலாம். பெண்கள் பெருக்கித் துடைக்க ஏறலாம், வாசிக்க ஏறக்கூடாது. முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தான் மாட்டியிருக்க வேண்டும். முக்கியமாக, புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடாது. ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக்கூடாது என்று முன்னோர்கள் வைத்த முறையாம். எந்த முன்னோர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "இதெல்லாம் கேக்குற கேள்வியா?" என்று பதில் வந்தது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலைதான் ஓய்வு, அப்போதுதான் வகுப்புக்கு வருவார்கள். அதனால் மாதத்தில் பாதி ஞாயிறு நான் ஆலயத்தில் இருக்க மாட்டேன். "அந்த நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு மனைவி" என்று சபையில் இழுப்பார்கள். இழுக்கட்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் ஒரு பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை முன்பின் தெரியாத ஆள் கையில் கொடுத்துவிட்டு நாளெல்லாம் ரோட்டில் போகிறவள் நான். என்னைவிட அதிகமாக ஜெபம் பண்ணுகிறவர் அந்தச் சபையில் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை பார்த்தார். ஒரு துணித் துண்டைக் கொண்டுவந்து காட்டினால் போதும், அதே நிறத்தை டின்னில் இறக்கிக் கொடுத்துவிடுவார். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் சண்டைக்கு வந்தார். படுக்கையறைக்கு இளநீலம் கேட்டாராம், சுவரெல்லாம் பாசி பிடித்த மாதிரி இருக்கிறதாம். இன்னொரு நாள் கடையின் கண்ணாடிக் கதவிலேயே இவர் முட்டிக்கொண்டார். நெற்றியில் புடைப்போடு வந்து நின்றவரை இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு காஞ்சு போயிருக்கு. இடது கண்ணுல போனது போனதுதான், திருப்பிக் கொண்டுவர முடியாது. வலது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் பார்வை இருக்கு. அதைக் காப்பாத்தலாம். இந்தச் சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விட்டுடாதீங்க. விட்டீங்கன்னா அதுவும் போயிடும்."

சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார் அவர். அதில் என் முகம் பாதிதான் தெரியுமாம். "எந்தப் பாதி?" என்று கேட்டேன். "திட்டுற பாதி" என்றார்.

கடையில் வேலை போயிற்று. கூடவே வாசிப்பும் போயிற்று, பாடகர் குழுத் தலைவர் வாசிக்க ஆரம்பித்தார். வேலைக்காக அவர் அழவில்லை. வாசிப்புக்காக அழுதார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதால் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவரை நாற்காலியில் உட்கார வைப்பேன். தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு. அவரே போட்டுக்கொண்டால் கன்னத்தில்தான் விழும், அதனால் அது என் வேலையாயிற்று. பாட்டிலை அழுத்தும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: ஆண்டவரே, மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தும். அவ்வளவுதான் என் ஜெபம். அதற்காக முழங்கால் போட்டதில்லை, வாய்விட்டுச் சொன்னதில்லை, அப்படி ஒரு ஜெபம் இருப்பது அவருக்கே தெரியாது. சொட்டு விழுவதற்குள் ஜெபம் முடிந்துவிடும்.

ஒருநாள் கேட்டார், "இந்த வாரத்துப் பகுதியை எனக்கு வாசிச்சுக் காட்டுறியா?"

வகுப்பு முடிந்து வந்ததும் வாசித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். அடுத்த நாளும் வாசித்தேன், அடுத்த நாளும் சொன்னார். கடையிலிருந்த அத்தனை நிறங்களின் அளவையும் மண்டையில் வைத்திருந்தவருக்கு ஒரு அதிகாரம் எம்மாத்திரம்? பாஸ்டரிடம் போய், இந்த ஞாயிறு நானே வாசிக்கிறேன் ஐயா என்று சொல்லியிருக்கிறார். பாஸ்டருக்குச் சின்ன வயசு. நல்ல மனசு, எதிலும் பிடிமானம் கிடையாது. "முடியுமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார், இவர் "முடியும்" என்றிருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கப்போகிறார் என்று பாஸ்டர் எண்ணிக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினார். ஒப்பிக்கக்கூடாது என்பது முறையாயிற்றே, அதனால் புத்தகத்தை விரித்து வைத்து அதைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். நடுவில், பழக்க தோஷம், பக்கத்தையும் ஒரு தடவை திருப்பினார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஏனென்றால் அவர் கண்ணுக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் சபையில் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. முன்னின்று நடத்தியவர் ஆமென் அண்ணன். கட்டில் பீரோ விற்கிற கடை வைத்திருக்கிறார், சபைக் கமிட்டிக்குச் செயலாளர். பாஸ்டர் மூச்சு வாங்க நிறுத்தினால்கூட 'ஆமென்!' என்று முழங்குகிறவர் என்பதால் அந்தப் பெயர். அவர் முன்வரிசையிலிருந்து ஒரு துள்ளுத் துள்ளினார்.

"பக்கத்தைத் திருப்புறார் பாருங்க! தெரியுது! கண்ணு திறந்துடுச்சு! ஸ்தோத்திரம்!"

என் வீட்டுக்காரர், "இல்ல, அது வந்து..." என்று வாயைத் திறந்தார். அதற்குள் பாட்டு ஆரம்பமாகிவிட்டது. கைதட்டல், கீபோர்டு, அழுகை. என் நாத்தனார், அவருடைய கூடப்பிறந்த அக்கா, மேடையடியில் விழுந்து கதறினார். யார் யாரோ வந்து இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இவர் நடுவில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏங்க, உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? அத்தனை பேரும் அழறாங்க. அக்கா கால்ல விழுந்து கெடக்கா. அந்த நேரத்துல மைக்கைப் பிடிச்சு, இல்ல, நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்னு சொல்லவா?"

"ஆமா."

"நீ சொல்லிடுவே. உனக்கு வாய் இருக்கு."

மறுநாளே ஆமென் அண்ணனும், நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு நன்றி ஆராதனையாம். பக்கத்துச் சபைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். வழியோரம் உட்கார்ந்து பிச்சை கேட்ட பார்வையற்றவனுக்கு ஆண்டவர் கண் கொடுத்த பகுதியை இவர் வாசிக்க வேண்டுமாம், வாசித்து முடித்துச் சாட்சி சொல்ல வேண்டுமாம். பேனருக்குக்கூடச் சொல்லியாயிற்று என்றார் ஆமென் அண்ணன். நான் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில் நின்ற மருந்து பாட்டிலில் ஆமென் அண்ணன் பார்வை போய் ஒட்டிக்கொண்டது.

"என்ன சகோதரி, இன்னுமா மருந்து?"

"தினமும் போடணும்ணே. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"சுகம் குடுத்தாச்சுல்ல? குடுத்த பிறகும் மருந்து போட்டா என்ன அர்த்தம்? குடுத்தவரை நம்பலன்னு அர்த்தம். ஒரு சொட்டுன்னாலும் அது அவிசுவாசம்தான். வந்த சுகம் அப்படியே திரும்பிப் போயிடும், பாத்துக்கோங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறிற்று. இந்த ஆமென் அண்ணனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

"அண்ணே, முதல் நாள் நீங்க வண்டி எடுத்தது ஞாபகம் இருக்கா? கண்ணை மூடி ஜெபம் பண்ணீங்க. சரி. கண்ணைத் திறக்காமலே கிளட்சை விட்டீங்க. வண்டி நேரா மதில் சுவத்துக்குப் போச்சு. பிரேக் போட்டது யாரு?"

"அது... நீங்கதான்."

"அது அவிசுவாசமா?"

"பெரிய மனுஷங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்று அண்ணி சீறினார். "நீ ஒழுங்கா கோயிலுக்கு வந்தாதானே உனக்கு விசுவாசம்னா என்னன்னு தெரியும்?"

ஆமென் அண்ணன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "வண்டி வேற, விசுவாசம் வேற, சகோதரி." பதில் கிடைக்காதவர்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் வேறு வேறு என்று பிரித்து வைத்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் விளக்குப் போட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"மருந்து வேண்டாம். ஒருவேளை நிஜமாவே சுகமாயிட்டு வருதோ என்னவோ. இத்தனை பேரு சொல்றது சும்மாவா இருக்கும்? நான் மருந்து போட்டுக்கிட்டா, நானே நம்பலன்னு ஆயிடும்ல?"

கெஞ்சினேன், கத்தினேன். அசையவில்லை. சாது மனிதர்களோடு இதுதான் தொல்லை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார்கள், ஒன்றே ஒன்றுக்கு மாட்டேன் என்பார்கள், அது நம் தலையில் விடிகிறதாக இருக்கும்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னலோரம் நின்றிருந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த பழைய நிற அட்டை கையில் இருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக மூக்கருகே வைத்து, "இது சந்தனம். இது வெண்ணெய்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சந்தனம் என்றது சாம்பல். வெண்ணெய் என்றது இளஞ்சிவப்பு. நான் திருத்தவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமெல்லாம் மேலுக்குத்தான். உள்ளே பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாவித் துவாரமும் மூடிக்கொண்டால் அப்புறம் எந்த ஆராதனையாலும் திறக்க முடியாது.

மதியமே பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற அவருடைய சின்ன அறையில், மேஜைமேல் எரியாத குழாய்ப் பல்பும் உடைந்த நாற்காலிக் கால்களும் கிடந்தன. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மனப்பாடம் செய்தது, பக்கத்தைத் திருப்பியது, மருந்தை நிறுத்தியது எல்லாம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா. ஆனா சபை ரொம்ப நாளா ஒரு சந்தோஷத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் ஒண்ணா சேந்து அழுததை நான் இப்பத்தான் பாக்குறேன். இப்ப போய் நான் எப்படி..."

"உங்க சபை சந்தோஷத்துக்கு என் வீட்டுக்காரர் கண்ணுதான் கிடைச்சுதா?"

"அண்ணனே வந்து சொன்னா நல்லாயிருக்கும்" என்றார் மெதுவாக.

"அவர் சொல்ல மாட்டார். நீங்களும் சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு அங்கி எதுக்கு?"

சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் சொல்லிவிட்டேன், திருப்பி எடுத்துக்கொள்கிற எண்ணமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிறு வாசிக்க வேண்டுமென்றால் அவருக்கு அந்தப் பகுதி மனப்பாடம் ஆக வேண்டும். மனப்பாடம் ஆக வேண்டுமென்றால் நான் வாசித்துக் காட்ட வேண்டும். அன்று சாயங்காலம் அவர் கேட்டபோது சொன்னேன், "மருந்து போட்டாதான் வாசிப்பேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா, மிரட்டுறேன்."

"ஆண்டவர் வார்த்தையை வச்சா?"

"ஆண்டவரை வச்சு உங்களை மருந்தை நிறுத்த வச்சாங்களே, அது மட்டும் சரியா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து அண்ணி வந்து வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். நல்ல மனுஷிதான், தம்பிமேல் உயிரை வைத்திருக்கிறார், ஆனால் வாசிப்பு அவருக்கு ஆகாது. பார்வையற்றவன் கூப்பிடுகிறான், கூட்டம் அவனைச் சும்மா கிட என்று அதட்டுகிறது. அந்த இடம் வந்ததும் அண்ணி புத்தகத்தை மடியில் வைத்துவிடுவார். மூக்கைச் சிந்துவார், "என் தம்பியும் இப்படித்தானே" என்பார், அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி அதே இடத்தில் அழுகை. சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன். மீதிப் பகுதியை ஓட்டமாக ஓட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அது இவர் மனசில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, இவருக்கும் தெரிந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றேன். ஒவ்வொரு சாயங்காலமும் அது காலியாகவே இருந்தது.

ஞாயிறு வகுப்புகளை ரத்து செய்துவிட்டு நானும் போனேன். மருந்து பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் நானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. ஆலய வாசலில் பேனர் கட்டியிருந்தது. பெஞ்சுகள் போதாமல் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

சுவிசேஷ வாசிப்புக்குச் சபை எழுந்து நின்றது. முடிகிறவரை யாரும் உட்கார மாட்டார்கள், அது வழக்கம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தடவிப் படியேறினார். புத்தகத்தின் ஓரத்தைத் தொட்டு, ரிப்பன் வைத்திருந்த பக்கத்தை விரித்தார். குரல் கணீரென்று வந்தது. வழியோரம் உட்கார்ந்திருந்தவன், கடந்துபோகிற கூட்டம், அவன் போட்ட கூப்பாடு, அவனை அதட்டிய வாய்கள். அங்கே நின்றுவிட்டார்.

சபை காத்திருந்தது. அவர் குனிந்தார். மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அந்தச் சாவித் துவாரத்தால் எழுத்தைத் துழாவுகிறார்.

"ஆனந்தத்துல தொண்டை அடைக்குது! ஆமென்!" என்றார் ஆமென் அண்ணன். நாலைந்து பேர் ஆமென் என்றார்கள். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

நான் எப்போது நடக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பெஞ்சு வரிசையைத் தாண்டி, பீடத்தைத் தாண்டி, படியில் கால் வைத்தபோதுதான் ஆமென் அண்ணன் குரல் கேட்டது.

"சகோதரி! சகோதரி! பொம்பளைங்க ஏறக்கூடாது!"

ஏறினேன். அவர் பக்கத்தில் போய் நின்றதும் தலையைத் தூக்காமலே கேட்டார், "நீயா?"

"நான்தான்."

"தெரியலம்மா. ஒரு எழுத்துகூடத் தெரியல. போன வாரம் மங்கலாத் தெரிஞ்ச கோடுகூட இப்பத் தெரியல. எனக்குப் பயமாயிருக்கு."

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் மைக் வாயருகே இருந்தது. நாலு மூலை ஸ்பீக்கரிலும் அது போயிற்று. 'எனக்குப் பயமாயிருக்கு' என்பது ஆலயத்தின் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

"எல்லாருக்கும் கேக்குதுங்க" என்றேன்.

புத்தகத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் என்ன சொன்னாலும் நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று இருந்தது. போ கீழே என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"கேக்கட்டும்" என்றார்.

நிமிர்ந்து சபையைப் பார்த்து, சரியாகச் சொன்னால் சபை இருக்கிற திசையைப் பார்த்துப் பேசினார். "எனக்குக் கண்ணு தெரியல. போன வாரமும் தெரியல. இவ வாசிச்சுக் காட்டுனா, நான் மனசுல ஏத்திக்கிட்டு வந்து சொன்னேன். நீங்க சந்தோஷப்பட்டீங்க, எனக்கு அதைக் கெடுக்க மனசு வரல. அந்தச் சந்தோஷத்துக்காக மருந்தையும் நிறுத்திட்டேன். ஆண்டவர் எனக்குக் கண்ணு குடுப்பாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. குடுத்துட்டாருன்னு பொய் சொன்னா அவரு சந்தோஷப்பட மாட்டாருன்னு மட்டும் தெரியும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மருந்து கொண்டுவந்திருக்கியா?"

"இருக்கு."

"போடு."

"இங்கயா?"

"இங்கதான். என் சாட்சி அதுதான்."

கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின்மேல் வைத்தார். மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என் உயரத்துக்கு முழங்காலை மடித்து, தலையைப் பின்னால் சாய்த்தார். பாட்டில் மூடியைத் திருகித் திறந்தேன். இமையை இழுத்துப் பிடித்துப் பாட்டிலை அழுத்தினேன். வழக்கம்போல மனசுக்குள்தான் சொன்னேன் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் என் குரலே எனக்குக் கேட்டது. "ஆண்டவரே, மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தும்."

அவர் கண்ணை மூடியபடி, "இதைத்தான் தினமும் சொல்வியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"மைக்கை ஆஃப் பண்ணுங்க!" ஆமென் அண்ணன் ஓடிப்போய் அவரே வயரைப் பிடுங்கிவிட்டார். ஸ்பீக்கர் ஒரு கீச்சலோடு செத்தது. சபையைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் கீழே தாழ்த்தினார். "இது வாசிப்பு இல்ல. எல்லாரும் உக்காருங்க. தயவுசெஞ்சு உக்காருங்க!"

பெஞ்சுகள் முனகின. ஒரு வரிசை உட்கார்ந்தது, அதைப் பார்த்து அடுத்த வரிசையும் உட்கார்ந்தது. பாஸ்டர் பீடத்தருகே அங்கியைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் இல்லாமல் பேசவும் இல்லாமல் நின்றார். வந்திருந்த வெளிச் சபைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்து இறங்குகிறவரை கண்ணைத் திறக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் மூக்கோரத்தில் விரலை அழுத்திக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே என்னிடம் சொன்னார்.

"வாசி. பாதியில நிக்குது."

"மைக் இல்லங்க."

"உனக்கு எதுக்கு மைக்கு?"

அதுவும் சரிதான். லாரி ஹாரனுக்கு மேல் கத்திப் பிழைப்பு நடத்துகிறவள் நான். புத்தகத்தை என் பக்கம் திருப்பினேன். கூட்டம் அதட்ட அதட்ட அந்தப் பார்வையற்றவன் முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்ட வரியில் விரலை வைத்து, அங்கிருந்து ஆரம்பித்தேன். என் குரல் கடைசிச் சுவரில் போய் இடித்தது.

மூச்சு வாங்க நிறுத்தியபோது, முதல் வரிசையில் ஆமென் அண்ணன் பின்னால் திரும்பி யாரிடமோ தணிந்த குரலில் சொல்வது கேட்டது. "நீங்களாவது உக்காருங்கக்கா. உங்களுக்கு முட்டி வலி வேற."

ஓரக்கண்ணால் பார்த்தேன், அண்ணிதான் நின்றுகொண்டிருந்தார். தேய்ந்துபோன முட்டி அவருக்கு, பாட்டு இரண்டாம் சரணம் போனாலே பெஞ்சைத் தேடுகிறவர். முன்பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் ஈரம்.

"வாசிப்பு இன்னும் முடியல" என்றார்.

அதற்குப் பிறகு பெஞ்சுகள் மறுபடியும் முனகின, இங்கொன்றும் அங்கொன்றுமாக. எத்தனை பேர் எழுந்தார்கள், யார் யார் எழுந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. தலையைத் தூக்கினால் வரி தவறிவிடும். விரலை வைத்த இடத்திலிருந்து எடுக்காமல் கடைசிவரை வாசித்தேன்.